எலும்புக்குள் தோல்

எலும்புக்குள்ளிருந்து எடுத்த துண்டில் தோல் இருக்கக் கூடாது. இருந்தது.

அவன் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, கண்களைக் கசக்கிவிட்டு, மறுபடி குனிந்தான். ஊதாவும் இளஞ்சிவப்புமாக, வரப்பு கட்டியதுபோல் மேடும் பள்ளமுமாய்த் தடித்த தோல். முடியின் வேர் ஒன்றுகூட இல்லை. அந்த மாதிரித் தோல் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் விரல்களிலும்தான் உண்டு. மாடியில் ஆபரேஷன் மேசையில் மயங்கிக் கிடக்கும் பதினாறு வயதுப் பெண்ணின் தொடை எலும்புக்குள் அதற்கு என்ன வேலை?

அறுத்து அனுப்பும் துண்டை உறையவைத்து, சீவி, சாயமேற்றிப் பார்த்து, புற்றா இல்லையா என்று இருபது நிமிடத்தில் சொல்வது அவன் வேலை. புற்று என்றால் காலை எடுத்துவிடுவார்கள். இல்லை என்றால் தைத்து மூடிவிடுவார்கள். மூன்று டாக்டர்கள் பார்த்த வேலை அது. ஒருத்தர் வேலையை விட்டார், ஒருத்தி பிரசவ விடுப்பில் போனாள். மிச்சம் அவன். நாற்பத்தோராவது மணி நேரமாக, பகலா இரவா என்று தெரியாத அந்தக் கீழ்த்தளத்தில் நிற்கிறான். டெக்னீஷியன் எட்டு மணி நேரம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டாக்டருக்கு அப்படி எந்தக் கணக்கையும் யாரும் எழுதிவைக்கவில்லை.

போன் அடித்தது. சர்ஜன்.

"என்ன டாக்டர், கால எடுக்கவா, மூடவா?"

"சார்... இது எலும்புலேர்ந்துதான் எடுத்தீங்களா?"

"பின்ன மூக்குலேர்ந்தா எடுத்தேன்? மூஞ்சியக் கழுவிட்டு வந்து பாருங்க. பொண்ணத் தொறந்து போட்டு நிக்கிறேன்."

முந்தைய கேஸின் துணுக்கு கத்தியில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேஸில் வந்துவிடும்; இந்தத் தொழிலில் எல்லோரும் பயப்படும் தப்பு அதுதான். ஆனால் இன்று தோல் கேஸே வரவில்லை. இருந்தாலும் கத்தியைத் துடைத்தான். துணி சிவந்தது. துண்டை உறையவைத்துச் சீவும் குளிர்பெட்டிக்குள் இடது கையை விட்டான். மைனஸ் இருபது டிகிரி. அந்தக் கை மரத்துப் போய் எவ்வளவோ நேரமாகிறது. அது அங்கே இருப்பதைக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் நம்ப வேண்டும். அவன் பார்க்கவில்லை. கண் தானாக மூடியது. வலது கை மட்டும் பெட்டிக்கு வெளியே இருந்த சீவும் சக்கரத்தைச் சுற்றியது. சரக். சரக். ஈரக் காகிதத்தைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். பழைய நாணயத்தை நாக்கில் வைத்ததுபோல் ஒரு வாடை.

இரண்டாவது ஸ்லைடு. தோல், கொழுப்பு. மூன்றாவதில் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் அடுக்கடுக்கான வட்டங்கள். தொட்டால் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள்.

போனில் துறைத் தலைவரைக் கூப்பிட்டான்.

"சார், யாரையாவது அனுப்புங்க. என் கண்ண என்னாலயே நம்ப முடியல."

"நாங்கல்லாம் வாரக்கணக்கா நின்னவங்க தம்பி. ஒரு டீயக் குடி, எல்லாம் சரியாயிடும்."

வைத்துவிட்டார். ரிசீவர் பிசுபிசுத்தது. வியர்வை என்று நினைத்தான். உடனே மறுபடி போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, வர்றீங்களா, இல்ல அங்கயே குடிபோயிட்டீங்களா? புள்ள உங்க மூஞ்சிய மறந்துடப் போறான்."

"இந்த ஒண்ணுதான். முடிச்சிட்டு வந்துடுறேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

மறுபடி சக்கரம். கத்தி எதிலோ மோதித் திணறியது. அழுத்திச் சுற்றினான்.

நான்காவது ஸ்லைடில் எலும்பு வந்தது.

அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. எலும்பு! நல்ல எலும்பு. ஒழுங்கான அடுக்கு, அமைதியான செல்கள். புற்றின் சாயலே இல்லை. தோல் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். போகட்டும். போன் அடித்ததும் எடுத்தான்.

"புத்து இல்ல சார். மூடிடுங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"நல்லா இருங்க. அவங்கப்பா வெளிய சுவத்துல சாஞ்சுக்கிட்டே நிக்கிறார். நானே போய்ச் சொல்லிடுறேன்."

நாற்காலியில் விழுந்தான். ரிப்போர்ட் எழுத நோட்டை இழுத்தான். நோட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது.

மாடியிலிருந்து வந்த டப்பா. அந்தப் பெண்ணின் பெயர், நம்பர். மூடியைச் சுற்றி ஒட்டிய டேப் பிரியவில்லை. உள்ளே, உப்புநீரில் நனைந்த துணியின் மேல், சுண்டைக்காய் அளவில் சாம்பல் நிறத் துண்டு. அவன் கத்தி இன்னும் படாமல்.

அப்படியானால் இவ்வளவு நேரம் சீவியது?

எழுந்தான். தரையில் சொட்டுச் சொட்டாகக் கருஞ்சிவப்பு. பெட்டியிலிருந்து போனுக்கு. போனிலிருந்து பெட்டிக்கு. குளிர்பெட்டியின் கண்ணாடியைத் தள்ளினான். புகை விலகியது. துண்டை ஒட்டிவைக்கும் உலோகத் தாங்கியில் வெள்ளையாக உறைந்த பசை. பசைக்குள் பாதி புதைந்து ஒரு நகம். நகத்தில் நீல மைக்கறை.

காலையில் அவன் பேனா கசிந்து விரலெல்லாம் மையாகியிருந்தது.

மாடியில் மூடிக்கொண்டிருப்பார்கள். தையல் போட்டுக்கொண்டிருப்பார்கள். சொல்ல வேண்டும். இப்போதே. வலது கையால் ரிசீவரைப் பிடுங்கினான். இடது கையால் ஆபரேஷன் தியேட்டர் நம்பரை அழுத்தினான்.

சத்தமில்லை.

மறுபடி அழுத்தினான். இன்னும் பலமாக. மறுபடி.

குனிந்து பார்த்தான்.

சுட்டுவிரல் பொத்தானுக்கு எட்டவில்லை.