ஆறாவது செய்தி

அந்தப் பள்ளியில் இருநூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் காலைக் கூட்டத்தில் மைக் பிடித்துச் செய்தி வாசிப்பவள் ஒரே ஒருத்திதான். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் அவளுடைய குரல்தான் மைதானம் முழுக்கக் கேட்கும்.

அவளுக்கு வயது பத்து, ஐந்தாம் வகுப்பு. இந்த வேலைக்காக அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். வீட்டில் கரண்டியை வாய்க்கு முன்னால் பிடித்துப் பழகினாள். எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், காற்புள்ளி வந்தால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சின்ன வகுப்புப் பிள்ளைகள் அவளைச் 'செய்தியக்கா' என்றே கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டால் அவளுக்கு உள்ளங்காலில் இருந்து சந்தோஷம் ஏறும்.

அவளுடைய தங்கை ஒன்றாம் வகுப்பில் படித்தாள். வீட்டில் அவளைப் பொடிசு என்பார்கள்.

ஒரு சனிக்கிழமை பொடிசுக்கு வயிற்று வலி. சுருண்டு படுத்துக்கொண்டு அழுதாள். அம்மா பேருந்து நடத்துநர். அன்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"குழந்தை தண்ணியே குடிக்கிறதில்ல போலிருக்கே" என்றார் மருத்துவர். "நிறையக் குடிக்கணும். சிறுநீர் வந்தா அடக்கி வைக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் அம்மா பொடிசின் பள்ளிப் பையைத் திறந்து பார்த்தாள். முந்தின நாள் காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் அப்படியே பாட்டிலின் கழுத்து வரை இருந்தது.

"ஏன்டி குடிக்கல?"

"தாகமே எடுக்கல."

அம்மா அடுப்படிக்குப் போனதும் பொடிசு அக்காவின் காதருகே வந்தாள்.

"தண்ணி குடிச்சா கழிப்பறைக்குப் போகணும்க்கா. அங்க கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. அன்னிக்கு நான் உள்ள இருக்கும்போது ஒருத்தி தள்ளித் திறந்துட்டா. எல்லாரும் பாத்துச் சிரிச்சாங்க."

செய்தியக்காவுக்குச் சுருக்கென்றது. இரண்டு கதவிலும் தாழ்ப்பாள் இல்லை என்று அவளுக்கும் தெரியும். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு நான்கு ஓட்டைகள்தான் மிச்சம். பெரிய வகுப்புப் பெண்கள் ஜோடி ஜோடியாகப் போவார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்வாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை. அந்தக் கனமான கதவை அவர்களால் இழுத்துப் பிடிக்கக்கூட முடியாது.

திங்கட்கிழமை வந்தது. வழக்கம்போல் கூட்டம் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வகுப்பு ஆசிரியை அன்றைய செய்திகள் எழுதிய தாளை அவள் கையில் கொடுத்தார். தலைமையாசிரியர் தன் கையாலேயே எழுதிய தாள். மொத்தம் ஏழு செய்திகள்.

"ஒன்று. ஓவியப் போட்டிக்குப் பெயர் கொடுக்க நாளை கடைசி நாள். இரண்டு. நான்காம் வகுப்பு நட்ட அவரை விதை முளைத்துவிட்டது. மூன்று. இடது கால் செருப்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. வலது கால் செருப்பு மட்டும் வைத்திருப்பவர் அலுவலகத்துக்கு வரவும்."

எல்லாரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். நான்கும் ஐந்தும் சரளமாகப் போயின.

"ஆறு. கழிப்பறைகள் உட்பட நம் பள்ளியில் இருந்த எல்லாப் பழுதுகளும்…"

அவள் நிறுத்தினாள். அங்கே காற்புள்ளி இல்லை. ஆனாலும் நிறுத்தினாள்.

அடுத்த இரண்டு சொற்கள் 'சரிசெய்யப்பட்டுவிட்டன', 'மகிழ்ச்சி'. முன்வரிசையில் பொடிசு நின்றுகொண்டிருந்தாள். அக்கா சொன்னால் எதுவானாலும் நம்புகிற கண்கள்.

"ம், படி" என்றார் ஆசிரியை மெதுவாக.

செய்தியக்கா தலைமையாசிரியர் நின்ற பக்கம் திரும்பினாள். "ஆறாவது செய்தியை நான் படிக்க மாட்டேன் சார். அது உண்மை இல்ல."

மைக் அந்த வார்த்தைகளை மைதானத்தின் கடைசி மரம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. தலைமையாசிரியர் விறுவிறுவென்று வந்தார். மைக்கை வாங்கினார். ஏழாவது செய்தியை அவரே படித்தார். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் என்பதுதான் அது. அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன.

கூட்டம் கலைந்ததும் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"பழுது பாத்தவர் கொடுத்த பட்டியல் என்கிட்ட இருக்கு. எல்லாம் முடிஞ்சதுன்னு எழுதியிருக்கு. நீ எல்லார் முன்னாடியும் என்னைப் பொய் சொல்றவனா ஆக்கிட்டே. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடு. அதுவரைக்கும் உனக்கு மைக் கிடையாது."

"நான் தப்பா எதுவும் சொல்லல சார்."

"அப்போ மைக் கிடையாது."

இரண்டு வருடக் கரண்டிப் பயிற்சி அத்தனையும் போச்சு. ஆனாலும் அவள் "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் விஷயம் அம்மாவின் காதுக்கும் போய்விட்டது. சீருடையைக்கூட மாற்றாமல் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, நாள் முழுக்கப் பஸ்ல நான் படற பாடு போதாதா? ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டா முடிஞ்சு போச்சு."

"தப்புப் பண்ணினவங்கதானேம்மா மன்னிப்புக் கேக்கணும்?"

"ஒரு தாழ்ப்பாளுக்கு இவ்வளவு வீம்பா?"

"பொடிசு எதுக்குத் தண்ணி குடிக்கலன்னு அவகிட்டயே கேளு."

அம்மா கேட்டாள். பொடிசு தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா எழுந்து முகம் கழுவப் போனாள். மன்னிப்புக் கடிதம் பற்றி அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இடைவேளை மணி அடித்தது. செய்தியக்கா பொடிசைக் கையோடு இழுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள்.

"நீ உள்ள போ. நான் இருக்கேன்."

கதவின் கைப்பிடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தாள். உள்ளே இருந்து, "அக்கா, போயிடாதே!" என்று குரல் வந்தது.

"இங்கதான்டி நிக்கிறேன்."

"நிக்கிறியான்னு எனக்கு எப்படித் தெரியும்? பேசிக்கிட்டே இரு!"

என்ன பேசுவது? அவளுக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதான். மறு கையில் இருந்த நோட்டுப் புத்தகத்தைச் சுருட்டி வாய்க்கு முன்னால் பிடித்தாள்.

"வணக்கம். கழிப்பறை வாசலிலிருந்து செய்திகள். தாழ்ப்பாள் இன்றும் வந்து சேரவில்லை. அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றைய கதவுக் காவல், ஐந்தாம் வகுப்பு. உள்ளே இருப்பவர் அவசரப்படாமல் வரலாம்."

உள்ளே பொடிசு கிளுகிளுவென்று சிரித்தாள். வரிசையில் நின்ற சின்னப் பெண்களும் சிரித்தார்கள். "எனக்கும் செய்தி சொல்லுங்கக்கா, நானும் போறேன்" என்றாள் ஒருத்தி.

அன்றைக்கு ஏழு பேருக்குச் செய்தி வாசித்தாள். மணி அடித்தபோது தொண்டை வறண்டு கை வலித்தது. மதிய இடைவேளைக்கு அவளுடைய வகுப்புத் தோழிகள் மூன்று பேர் தாங்களாகவே வந்து நின்றார்கள். ஒருத்திக்குச் செய்தி சொல்ல வராது. அதனால் வாய்ப்பாடு சொன்னாள். உள்ளே போன பிள்ளை ஏழாம் வாய்ப்பாடு முடிவதற்குள் ஓடி வந்துவிட்டது.

அன்று பள்ளி விடும் நேரம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் அவளைத் தேடி வந்தான். முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் எல்லாரும் அவனை 'ஜன்னல்' என்று கூப்பிடுவார்கள்.

"அக்கா, நாளைக்கு என்னைச் செய்தி படிக்கச் சொல்லிட்டாங்க. உனக்குக் கோபமா?"

உள்ளுக்குள் கொஞ்சம் எரிந்தது. ஆனால் அவன் என்ன செய்வான்?

"இல்லடா. நல்லாப் படி. மூச்சை முழுசா இழுத்துக்கோ. ஆனா தெரியாத விஷயத்தைப் படிக்கிறதுக்கு முன்னாடி போய்ப் பாத்துக்கோ. நீ படிச்சா எல்லாரும் நம்புவாங்க."

ஜன்னல் தலையாட்டிக்கொண்டே போனான்.

புதன்கிழமைத் தாளில் ஆறாவது செய்தி மறுபடியும் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஜன்னல் மூச்சை முழுதாக இழுத்துப் படித்தான். பல் இல்லாத இடத்தில் காற்று புகுந்து ஒவ்வொரு 'ச'வும் விசில் அடித்தது. ஐந்து செய்திகள் முடிந்தன.

"ஏழு. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம்…"

"நில்லு" என்றார் தலைமையாசிரியர். "ஆறு எங்கே?"

ஜன்னல் எச்சில் விழுங்கினான். "அதைப் போய்ப் பாக்க முடியல சார்."

"ஏன்?"

"நான் பையன் சார். பெண்பிள்ளைங்க கழிப்பறைக்கு எப்படிப் போறது?"

மைதானம் குலுங்கிச் சிரித்தது. தலைமையாசிரியருக்கே உதடு ஓரம் ஒருமுறை துடித்து அடங்கியது. கூட்டம் முடிந்ததும் அவர் அறைக்குப் போகவில்லை. செய்தியக்காவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "வா. டீச்சர், நீங்களும் வாங்க."

ஆசிரியை முதலில் போய் உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்தார். தலைமையாசிரியர் கதவை இழுத்துச் சாத்தினார். கையை எடுத்ததும் அது கிரீச்சென்று தானாகவே திறந்துகொண்டது. மறுபடியும் சாத்தினார். மறுபடியும் திறந்தது. அடுத்த கதவும் அப்படித்தான்.

சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். "பதினொன்று. கழிப்பறைத் தாழ்ப்பாள், இரண்டு. முடிந்தது." கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது.

"வந்து பாக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இருந்தாலும் கூட்டத்துல வச்சு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. முதல்லயே யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க வகுப்புப் பொண்ணுங்க ஏற்கெனவே புகார்ப் பெட்டியில மூணு சீட்டுப் போட்டோம் சார்."

"பெட்டியிலயா?" தலைமையாசிரியர் ஆசிரியையைப் பார்த்தார். "அதோட சாவி தொலைஞ்சு எவ்வளவு நாளாச்சு!"

"ஆமா சார். பெட்டிக்குப் பூட்டு நல்லா இருக்கு. கழிப்பறைக்குத்தான் இல்ல."

ஆசிரியை சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

"என்னை அவமானப்படுத்தணும்னு உனக்கு எண்ணம் இல்லையே?"

"நான் உங்களைச் சொல்லல சார். கதவைத்தான் சொன்னேன்."

அவர் அந்த நான்கு ஓட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் கைபேசியை எடுத்துத் தச்சரைக் கூப்பிட்டார்.

வியாழக்கிழமை தச்சர் வந்தார். புதுத் தாழ்ப்பாள் பளபளவென்று மின்னியது. பழைய ஓட்டைகளுக்கு மேலே, தன் கண் உயரத்தில் வைத்துத் திருகாணியை முடுக்கினார். இடைவேளையில் செய்தியக்கா வந்து பார்த்தாள்.

"அண்ணா, இது ரொம்ப மேல இருக்கு."

"தாழ்ப்பாள்னா மேலதான்மா இருக்கும். முப்பது வருஷமா மாட்டிக்கிட்டிருக்கேன், எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவள் வாதாடவில்லை. ஓடிப்போய்ப் பொடிசைக் கூட்டி வந்து கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பொடிசு நுனிக்காலில் நின்றாள், எம்பினாள், குதித்தாள். தாழ்ப்பாளுக்கும் அவள் விரலுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தது.

தச்சர் தலையைச் சொறிந்தார். "பள்ளிக்கூடத்துல பிள்ளைங்கதான் இருக்கும்கிறதை மறந்தே போயிட்டேன்" என்றபடி திருகாணியைக் கழற்றத் தொடங்கினார். புது இடத்தைப் பொடிசின் தோளுக்கு நேராகப் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை. மைதானத்தின் ஓரத்தில் பெற்றோர்கள் வரிசையாக நின்றார்கள். அம்மா நடத்துநர் சீருடையிலேயே வந்திருந்தாள். அடுத்த பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம்தான் இருந்தது.

தலைமையாசிரியர் மைக் முன்னால் வந்தார்.

"திங்கட்கிழமை நான் எழுதிக் கொடுத்த ஆறாவது செய்தி தவறு. நேர்ல போய்ப் பாக்காம எழுதினது என் தப்பு. அதைப் படிக்க மாட்டேன்னு சொன்ன பொண்ணுதான் இன்னிக்குச் செய்தி படிக்கப் போறா."

கைத்தட்டல் எழுந்தது. ஜன்னல்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான். தலைமையாசிரியர் ஒரு தாளை அவளிடம் நீட்டினார். அவள் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். முதல் செய்தியே, 'கழிப்பறைக் கதவுகளுக்குப் புதிய தாழ்ப்பாள்கள் போடப்பட்டுள்ளன' என்று இருந்தது.

நேற்று ஒரு கதவு முடிந்ததைப் பார்த்திருந்தாள். இரண்டாவது கதவு முடிவதற்குள் மணி அடித்துவிட்டதே!

"சார், ஒரு நிமிஷம்" என்று தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கே போறே?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடிக்கொண்டிருந்தாள். இருநூற்றுப் பதினேழு பிள்ளைகளும், அத்தனை பெற்றோர்களும், தலைமையாசிரியரும் அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். தூரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டக்'.

அவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். தாளை வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டும் பாத்துட்டேன் சார்" என்றாள். "இப்போ படிக்கிறேன்."