ஒரே ஒரு தளிர்நடை

காலைத் தேநீர் முடிந்ததும் தேனருவி நெற்றிப்பொட்டில் இரண்டு விரலை வைத்து, மகள் முதன்முதலாக நடந்த நினைவைப் பிடித்து இழுத்து, கணவனின் உள்ளங்கையில் போட்டாள். மகள் நடந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். எப்படி நடந்தாள் என்பது மட்டும் மறைந்துபோனது. செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் இதெல்லாம் அன்றாடச் சங்கதி.

"நாளைக்குக் காலையில திருப்பிக் குடுத்துடணும். நேத்து மாதிரி மத்தியானம் வரைக்கும் இழுத்தடிக்காதீங்க" என்றாள்.

காதுக்குப் பின்னால் பதித்த நினைவுச்சில்லுக்கு அங்கே ஆழி, வேங்கை என்று இரண்டு இயங்குதளங்கள். ஆழியில் எதையாவது இழுத்துப் போட்டால் அது இடம் மாறிவிடும். வேங்கையிலோ அசல் அசையாமல் இருக்க, போட்ட இடத்தில் நகல் ஒன்று முளைக்கும். இந்த வித்தியாசத்துக்காக இரு தரப்பும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். தேனருவி பரம்பரை ஆழிக்காரி. நினைவு விரலோடு ஒட்டிக்கொண்டு வழுக்கி வரும் அழகுக்கே அவள் அடிமை. உண்மையில் அது அழகுதான்.

மகள் நடந்த அன்று கணவன் இளந்திரையன் பனிச்சுரங்கத்தில் இருந்தான். ஆகவே நினைவு அவளிடம் மட்டும்தான் பதிவானது. ஒரு நாள் அவளுக்கு, ஒரு நாள் அவனுக்கு என்று முறை வைத்திருந்தார்கள். முறை வந்தவர் அன்று முழுக்க அதையே திறந்து திறந்து பார்த்துப் பூரித்துப்போவார்.

அப்போதுதான் சுரங்கத்திலிருந்து உத்தரவு வந்தது. இளந்திரையன் இரண்டு வருடம் வடதுருவத்தில் வேலை செய்ய வேண்டும். நினைவு யாரோடு இருப்பது?

"பெத்தவ நான். எங்கிட்டதான் இருக்கணும்."

"நீயாவது நேர்ல பாத்தே, அருவி. எனக்கு அதுவும் இல்லையே" என்றான்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், சொந்தபந்தம் யாரிடமும் மூச்சு விடாமல், வேங்கைக்கு மாறிவிட்டு வந்து நினைவை இழுத்தாள். விரல் நுனியில் சின்னதாக ஒரு கூட்டல் குறி மின்னியது. அவன் கையில் போட்டாள். அவன் கண்ணுக்குள் மகள் தத்தித் தத்தி நடந்தாள். அவள் கண்ணுக்குள்ளும் நடந்தாள்.

"ஐயோ, எங்கிட்டயும் இருக்குங்க!" என்று கத்தினாள். அதுவரை வேங்கையை வாய் வலிக்கத் திட்டியவள், அதைச் செய்த புண்ணியவானை மனதார வாழ்த்தினாள். வாழ்த்தத்தான் வேண்டும். தாய்க்கும் தகப்பனுக்கும் பங்கு போட முடியாததை ஒரு கூட்டல் குறி பங்கு போட்டுக் கொடுத்துவிட்டதே!

இரண்டு வருடம் கழித்து அவன் திரும்பி வந்தபோது மகளுக்கு நான்கு வயது.

"அப்பா, நான் மொதமொதல்ல எப்படி நடந்தேன்?"

"அம்மாகிட்ட கேளுடா. அவகிட்ட இருக்கு."

"ஏன், உங்ககிட்டயும்தானே இருக்கு? நீங்களே சொல்லுங்க" என்றாள் தேனருவி.

இருவரும் பொட்டைத் தட்டிப் பார்த்தார்கள். நினைவு பத்திரமாக இருந்தது. கடைசியாகத் திறந்த நாள் என்ற இடத்தில் இருவருக்கும் ஒரே தேதி, நகல் எடுத்த நாள்.

"அதான் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கே, எங்க போயிடப்போகுது?" என்றாள் தேனருவி. "அப்புறம் பாத்துக்கலாம், கண்ணு."