வாரேன் செல்வி

"அம்மா, போறேன்!"

இசக்கிசெல்வி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கத்தினாள். அடுப்படியிலிருந்து கரண்டியோடு அம்மா ஓடி வந்தாள்.

"காலங்காத்தால என்ன பேச்சுளா இது? போறேன்னு சொல்லாத. வாரேன்னு சொல்லிட்டுப் போ."

"போறதைப் போறேன்னுதான சொல்லணும்?"

"வாய் இருக்கே வாய்! திரும்பி வரணும்லா? வாரேன்னு சொல்லு."

செல்வி சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். ஒரு மாதமாகவே அந்தச் சொல் அவள் வாயில் வருவதில்லை. அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணத்தை அம்மாவிடம் சொல்லவும் முடியாது. சொன்னால், "ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கா இத்தனை?" என்று கேட்பாள்.

ஆமாம், ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குத்தான்.

அந்த விளையாட்டின் பெயர் 'கோட்டைப் போர்'. ஆளுக்கொரு கோட்டை கொடுத்துவிடுவார்கள். மரம் வெட்ட வேண்டும், பொன் தோண்ட வேண்டும், படை சேர்க்க வேண்டும், எதிரியின் கோட்டையைப் பிடிக்க வேண்டும். தாயம் உருட்டுவது போல ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்பதெல்லாம் இதில் கிடையாது. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரி வந்து நிற்பான். இரண்டிரண்டு பேராக அணி சேர்ந்து விளையாடலாம்.

செல்வியும் பெனிஷாவும் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. பெனிஷாவின் அம்மா டீச்சர். அவர்கள் வீட்டில் அம்மாவின் கம்ப்யூட்டர் ஒன்றும் அப்பாவின் லேப்டாப் ஒன்றும் உண்டு. சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவார்கள். முதலில் தோற்றார்கள். பிறகும் தோற்றார்கள். தோற்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளே இல்லை.

"நாம ரெண்டு பேரும் ஒரே வேலையப் பாக்கோம். அதான் தோக்கோம்," என்று ஒருநாள் செல்வி சொன்னாள். "ஏளா, நீ பொன்னும் மரமும் மட்டும் பாரு. அதை எனக்கு அனுப்பு. நான் படை மட்டும் சேக்கேன்."

"எங்கோட்டைக்கு யாரு காவல்?"

"நீ கதவைப் பூட்டி வை. என் குதிரை ஒண்ணு வெளிய சுத்திக்கிட்டே இருக்கும். எதிரி வந்தா அது பாத்துரும், உனக்குச் சொல்லுதேன். நான் படையோட வந்தா மட்டும் கதவைத் தொற."

இந்தத் திட்டம் வேலை செய்தது. அதன்பிறகு அவர்கள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். போனில் எதிர்த்து விளையாடிய பெனிஷாவின் அப்பாவையே அழுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் ஷாம் அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோட்டைப் போர் போட்டி நடந்தது. ஒரே அணிக்காரர்கள் பக்கத்தில் உட்காரக் கூடாது. எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து, ஹெட்போனில்தான் பேசிக்கொள்ள வேண்டும். சென்டருக்குள் ஒரே கூச்சல். வெளியே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் வேறு.

ஆட்டத்தின் நடுவில் செல்வியின் குதிரை எதிரிப் படையைப் பார்த்துவிட்டது.

"வாரான்! வடக்க வாரான்!" என்று செல்வி கத்தினாள்.

பெனிஷா சட்டென்று வடக்குக் கதவைத் திறந்தாள். எதிரிப் படை கல்யாண வீட்டுக்கு வருவது போலச் சாவகாசமாக உள்ளே வந்தது. ஆட்டம் முடிந்துபோனது.

"எதுக்குளா கதவைத் தொறந்த?" என்று கேட்டாள் செல்வி.

"நீதான வாரேன்னு சொன்ன? உன் படை வருதுன்னுல்லா தொறந்தேன்!"

"நான் எப்ப சொன்னேன்?"

"சொல்லிட்டு இப்ப மாத்திப் பேசுதியா? புளுகுணி!"

எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். ரெக்சனை அணியில் சேர்த்துக்கொண்டாள்.

இந்த ரெக்சன் இருக்கிறானே, அவன்தான் செல்விக்குப் பெயர் வைத்தவன். சாப்பாட்டு மணி அடித்ததும் யாராவது கூப்பிடுவார்கள். செல்வி, "வாரேன்" என்பாள். உடனே அவன், "வருவா, வருவா! கதவைத் தொறந்து வைங்க!" என்பான். வகுப்பே சிரிக்கும். 'வாரேன் செல்வி' என்பது அவள் பெயராகவே ஆகிவிட்டது. ஒருநாள் பெனிஷாவும் சேர்ந்து சிரித்தாள். அன்றோடு செல்வி அந்தச் சொல்லை விட்டுவிட்டாள்.

தோற்றதை அவள் எப்போதோ மறந்துவிட்டாள். சொல்லாத ஒன்றைச் சொன்னதாக பெனிஷா நம்புகிறாளே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. யார் வேண்டுமானாலும் நம்பட்டும். பெனிஷா எப்படி நம்பலாம்?

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பெரியம்மா வருவதாகப் போன் வந்திருந்தது. பெரியம்மா வெள்ளிக்கிழமை விரதம். அதனால் அம்மா மீன்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கீரையும் ரசமும் வைத்தாள். மத்தியானம் வந்து நின்றது பெரியம்மாவின் மகன் சுடலைராஜ்.

அவன் இலையைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கிப்போனது.

"தூத்துக்குடிக்கு வந்து கீரையா சித்தி?"

அம்மா போனை எடுத்தாள். "என்னக்கா, நீதான வாரேன்னு சொன்ன?"

பெரியம்மாவின் குரல் போனுக்கு வெளியே கேட்டது. "ஏளா, நான் எப்ப சொன்னேன்? பய வாரான்னுல்லா சொன்னேன்!"

"எனக்கு வாரேன்னு கேட்டுது!"

"உன் காதைக் கொண்டுபோய்க் கடல்ல போடு!"

அக்காவும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வி மட்டும் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

வாரான். வாரேன்.

அன்றைக்கு அவள் சொன்னது ஒன்று. அந்தக் கூச்சலில் பெனிஷா காதில் விழுந்தது இன்னொன்று. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அம்மா கேட்டாள், பெரியம்மா சொன்னாள், சிரித்தார்கள், முடிந்துவிட்டது. 'நமக்கு மட்டும் ஏன் இப்படி முடியல?' சுடலைராஜ் அவள் அப்பளத்தை எடுத்துத் தின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மறுபடி பள்ளி திறந்ததும் பெனிஷாவிடம் போனாள்.

"அன்னைக்குப் போட்டியில நான் என்ன சொன்னேன்னா..."

"பழசைப் பேசாத," என்றாள் பெனிஷா. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் சென்டரில் அடுத்த போட்டி வந்தது. செல்விக்கு ஜோடி இல்லை. ஆனாலும் வேடிக்கை பார்க்கப் போனாள். உண்மையைச் சொன்னால், அவர்கள் தோற்பதைப் பார்க்கத்தான் போனாள். 

கடைசிச் சுற்றுக்கு பெனிஷாவும் ரெக்சனும் வந்துவிட்டார்கள். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தை ஜெயித்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் ரெக்சன் அலறினான். "வாரான்! கிழக்க வாரான்!"

பெனிஷா கிழக்குக் கதவைத் திறந்தாள். எதிரிப் படை உள்ளே வந்தது.

"எதுக்குத் தொறந்த?"

"நீதான வாரேன்னு சொன்ன!"

"நான் சொல்லவே இல்ல!"

"பொய் சொல்லாத ரெக்சன்!"

செல்விக்கு நெஞ்சுக்குள் வெல்லம் கரைந்தது போல இருந்தது. 'நல்லா வேணும். எல்லாரும் கேட்டுக்கோங்க. இப்பவாவது தெரியுதா?' வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள்.

அப்போது ரெக்சனின் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு உதடு துடித்தது. காது சிவந்துவிட்டது. "சத்தியமா நான் சொல்லல," என்று ஒவ்வொருவரையும் பார்த்துச் சொன்னான். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. பெனிஷா உதட்டைப் பிதுக்கினாள். அடுத்து அவள் சொல்லப்போகிற சொல் எதுவென்று செல்விக்குத் தெரியும். அது எப்படிக் குத்தும் என்றும் தெரியும்.

'சே!' என்று செல்விக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"அவன் பொய் சொல்லல. வாரான்னுதான் சொன்னான். நான் கேட்டேன்."

"எனக்கு வாரேன்னு கேட்டுதே!" என்றாள் பெனிஷா.

"ஹெட்போன்ல ரெண்டும் ஒண்ணு போலத்தான் கேக்கும். இனிமே ரெண்டையும் சொல்லாதீங்க. எதிரி வந்தா 'கப்பல்'னு சொல்லு. நீ வந்தா 'வள்ளம்'னு சொல்லு. கப்பலுக்குக் கதவைப் பூட்டு. வள்ளத்துக்குத் தொற. எவ்வளவு கத்தினாலும் மாறிப்போகாது."

ரெக்சன் அவளையே பார்த்தான். "நான் உனக்குப் பேரு வச்சவன்லா?" என்றான் மெதுவாக.

"அது எனக்குத் தெரியாதா? போய் உக்காரு. ஷாம் அண்ணன் கூப்பிடுதாங்க."

மூன்றாவது ஆட்டத்தில் சென்டர் முழுக்கக் கப்பலும் வள்ளமுமாகக் கேட்டது. எதிர் அணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெனிஷாவும் ரெக்சனும் ஜெயித்துவிட்டார்கள்.

ஷாம் அண்ணன் அவர்களை நிற்க வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படத்தில் செல்வி நிற்க வேண்டிய இடத்தில் ரெக்சன் நின்றான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் செல்வி வாசலுக்கு நடந்தாள். பெனிஷா பின்னாலேயே ஓடி வந்தாள். ஹெட்போன் இன்னும் கழுத்தில் தொங்கியது.

"அன்னைக்கும் நீ வாரான்னுதான் சொன்னியா?"

"ஆமா."

"எனக்கு நெசமாவே வாரேன்னுதான்ளா கேட்டுது."

"தெரியும். நீயும் பொய் சொல்லல. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

பெனிஷா ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். பிறகு, "அடுத்த போட்டிக்கு நாம சேந்துக்கிடுவோமா? ரெக்சன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்," என்றாள்.

இந்த வார்த்தைக்காகத்தான் செல்வி ஒரு மாதமாகக் காத்திருந்தாள். இப்போது கேட்டபோது அது கசந்தது. தன்னையும் இவள் இப்படித்தானே சுலபமாக விட்டாள்!

"வேண்டாம். அவனை விட்டுராத. நல்லாத்தான் விளையாடுதான்."

"அப்ப நீ?"

"நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன். எதிர்க்கோட்டையில இருந்து வருவேன். உன் கதவெல்லாம் எனக்குத் தெரியும்லா?"

பெனிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எங்கூடப் பேசுவியா?"

"நீ கேட்டா பதில் சொல்லுவேன்."

செல்வி படியில் இறங்கினாள். தெருவில் நின்று திரும்பிப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வாரேன்!" என்றாள்.

"வரு..." என்று ரெக்சன் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தான். செல்வி அவனைப் பார்த்தாள். அவன் மீதியை அப்படியே விழுங்கிவிட்டான்.