ஒரு காபி நேரம்

சிறுமலையில் கூடாரம் அடிக்க இடம் தேடி இனியன் வண்டியை நிறுத்தியபோது, அவனுக்காக ஒரு தோட்டத்தில் புல்லை வெட்டி, கல் பொறுக்கி, ஒரு குடம் தண்ணீரும் வைத்திருந்தார்கள்.

"நேத்தே காட்டிருச்சுங்க. ஒத்தை ஆளு, படுக்கைன்னு" என்றாள் தோட்டத்துக்காரி, உபகாரம் செய்த பூரிப்புடன்.

இனியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கே போகிறோம் என்று தனக்கே தெரியாமல் ஊர் சுற்ற வேண்டும் என்பதுதான் இந்தப் பயணமே. "கூடாரமும் நானும் மட்டும். எங்க இருப்பேன்னு எந்தக் காட்டியாலயும் சொல்ல முடியாது" என்று கோவையில் அலுவலகமே கேட்கும்படி சவடால் விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தான்.

காட்டி என்றால் வருகைக்காட்டி. வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை சுவரில் தொங்கும் பலகை. ஒருவர் போன வழி, போகாமல் தவிர்த்த வழி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, அடுத்து எங்கே வருவார் என்று சொல்லிவிடும். பெயருக்குப் பக்கத்தில் தண்ணீர், காபி, சாப்பாடு, படுக்கை என்று நான்கில் ஒன்று தெரியும். வருபவர் தங்கப்போகும் நேரத்துக்கு அதுதான் அளவு. அதற்கும் அடுத்த கட்டத்தில், மறுபடி எப்போது வருவார் என்பது. வரவே மாட்டார் என்றால் ஒரு சின்னக் கோடு. இந்தப் பலகை வந்தபின் நாட்டில் சோறு மிஞ்சுவதில்லை. இருந்து சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று கையைப் பிடித்து இழுப்பவர்களும் இல்லை. தண்ணீர் என்று காட்டினால் சொம்பு வரும், அதோடு சரி. எல்லோருக்கும் நிம்மதி என்றுதான் பேச்சு.

மறுநாள் காலை இனியன் காசைச் சுண்ட ஆரம்பித்தான். சாலை பிரிகிற இடத்தில் பூவா தலையா. விழுகிற பக்கம் வண்டி. இப்படியே உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று திரும்பித் திரும்பி மதியத்துக்குமேல் வைகை அணைக்கு வந்து சேர்ந்தான். காசையா கணிக்கப் போகிறது என்று சிரிப்புகூட வந்தது. அணைக்கருகே டீக்கடையில் அவனுக்காக டீ ஒன்று மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் குடிங்க சார், கொஞ்சம் முந்திப் போட்டுட்டேன்" என்றார் கடைக்காரர்.

இனியன் டீயைத் தொடாமல் வண்டிக்குத் திரும்பினான். வழித்துணையைத் தட்டி எழுப்பினான். வண்டிக்குள் பேசும் கருவி அது. காட்டிகளுக்குத் தகவல் போவதும் அதன் வழியாகத்தான்.

"காசு எந்தப் பக்கம் விழும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றது வழித்துணை பணிவாக. "மூன்று பிரிவுகளில் காசு வத்தலக்குண்டுப் பக்கம் விழுந்தது. மூன்று முறையும் மறுபடி சுண்டினீர்கள். வேறு பக்கம் விழும்வரை சுண்டுவீர்கள் என்பது மட்டும்தான் தெரியும்."

திரையில் அவன் வந்த வழி விரிந்தது. பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், சிறுமலை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி. நடுவில் இருந்த வத்தலக்குண்டை மட்டும் விட்டுவிட்டு, சேற்றில் கால் படாமல் ஒதுங்கி நடப்பவனைப்போல் வளைந்து வளைந்து வந்திருந்தான்.

அந்த ஊரில் அவன் அக்கா மங்கையர்க்கரசி இருந்தாள்.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருடமும் அள்ளிப் போட்டதும் கழுவி விட்டதும் அக்காதான். வேலை, வேலை என்று சொல்லியே இனியன் காலத்தை ஓட்டினான். காரியத்துக்கு வந்து, ஈர வேட்டி காயுமுன் கிளம்பிவிட்டான். அதன்பின் அக்கா வீடு கட்டினாள். புதுமனை புகுவிழாவுக்குக்கூட அவளை நேரில் பார்க்க முகமில்லாமல், விலை உயர்ந்த பரிசு ஒன்றை அனுப்பிவைத்தான். சந்தையில் அப்போதுதான் வந்திருந்த வருகைக்காட்டி.

இத்தனை நாள் சுதந்திரம் என்று நினைத்தது வெறும் பயந்தாங்கொள்ளித்தனம் என்று புரிந்ததும் காது மடல் சூடேறியது. அதுவும் வழிநெடுக ஆட்களுக்குத் தெரிந்த பயந்தாங்கொள்ளித்தனம். "வத்தலக்குண்டுக்குப் போ" என்றான். இதையாவது அந்தப் பலகை எதிர்பார்த்திருக்காது.

அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

"வாடா. உக்காரு" என்றாள் மங்கை. முன்தலை நரைத்திருந்தது. கூடத்து மேசையில் ஒரு டம்ளரில் காபி ஆவி பறந்தது. அவள் தலைக்குமேல் அவன் அனுப்பிய பலகை. *இனியன்: காபி.*

"நான் வருவேன்னு எனக்கே தெரியாதுக்கா."

"காலையிலதான் காட்டுச்சு. சாப்பாடு பண்ணலடா. காபின்னு போட்டிருந்துச்சு, அதான்."

அவள் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் அவனை அதிகமாகச் சுட்டது. ராத்திரி இங்கேயே தங்குகிறேன், அந்த இரண்டு வருடத்துக்கும் என்னை மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வந்திருந்தான். எதிர்ச் சுவரில் அம்மாவின் படம். புதுப் பூ வைத்திருந்தாள். அவன் வார்த்தைகளைத் தேடித் தேடிக் காபியை உறிஞ்சினான். டம்ளர் காலியாகிவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. இன்னும் ஒரு நிமிடம் இருந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து, அவனையறியாமல் எழுந்துவிட்டான்.

"போயிட்டு வரேன்க்கா."

சொன்னதும் இருவர் கண்ணும் சேர்ந்தே பலகைக்குப் போயின. 'வரேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறவரை யாரும் சோதித்துப் பார்க்காத காலம் ஒன்று இருந்தது. இனியன் பெயருக்கு நேரே, அடுத்த வருகை தெரியவேண்டிய கட்டத்தின்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"என்னக்கா இது?"

"உன் பேருக்கு மட்டும் ஒட்டி வச்சிருக்கேன். மாட்டுன அன்னிக்கே ஒட்டிட்டேன். அம்மா கடைசிவரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டே கெடந்தா. வருவான், வருவான்னு. கோடு கெடந்தாலும் கண்ணுல படாம, எனக்கும் அந்த நம்பிக்கையாவது இருக்கட்டும்னு தோணுச்சு." அவன் முகத்தைப் பார்த்தாள். "இப்பதான் நேர்ல வந்துட்டியே. நீயே சொல்லிப்புடு. பொட்டை எடுத்துரவா?"

ஆமாம் என்றால் போதும். வருவேன் என்று தன்மேல் துளி நம்பிக்கை இருக்கிறவன் அதைத்தான் சொல்வான்.

"வேண்டாம்க்கா" என்றான் இனியன், தரையைப் பார்த்து.

மங்கை தலையை ஆட்டினாள். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.