பீரோவுக்கு இன்னொரு சாவி

மாவில் ஒரு விரல்கூடப் படவில்லை. ஆனாலும் கைத்துப்பாக்கி சாப்பாட்டு மேஜையில், வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது!

ட்வைலா பின்வாசல் அறையில், துப்பாக்கிப் பீரோவின் முன்னால் மண்டியிட்டு, எண் பொத்தான்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நான்கு நாளாக இதே கதை. சாயங்காலம் பதினான்கு துப்பாக்கிகளையும் எண்ணி உள்ளே வைத்துப் பூட்டுகிறாள். காலையில் அந்த ஒன்று மட்டும் வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறது. கணவன் வெண்டலுக்கு எண் தெரியும், அதனால்தான் என்று முதலில் நினைத்து எண்ணை மாற்றினாள். ஒளிந்திருந்து பார்த்திருப்பானோ என்று மறுநாள் இன்னொரு முறை மாற்றினாள், உடம்பால் மறைத்துக்கொண்டு. அப்படியும் வெளியே வந்தது. நேற்று, சலித்த மைதாவை மெல்லிய படலமாகப் பொத்தான்கள்மேல் தூவி வைத்தாள். யார் அழுத்தினாலும் தடம் விழுமல்லவா? தடமே இல்லை. பூட்டைத் தொடாமல் ஒரு பூட்டு எப்படித் திறக்கும்?

சமையலறையில் வெண்டல் உட்கார்ந்திருந்தான். போன அறுவடையில் தம்பி லைல் கோதுமைக் குதிருக்குள் மூழ்கிச் செத்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. நகம் பிய்ந்து தொங்கும்வரை கையாலேயே கோதுமையைத் தோண்டியவன் அவன். இப்போது வயலுக்குள் ஆட்கள் வந்து நிற்பதாகச் சொல்கிறான். போன வாரம் காற்றாலையைச் சுட்டான். அதற்கு முன்னால் தொலைக்காட்சியை.

"வெண்டல்... இதை வெளிய எடுத்தது யாரு?"

"என் துப்பாக்கி. என் வீடு. நீ யாரு கேக்கிறதுக்கு?"

"நான் உன் பொண்டாட்டி! இருபத்திரண்டு வருஷமா..."

"அவங்ககூடச் சேர்ந்துட்டியா நீயும்?" என்றான், ஜன்னலைப் பார்த்தபடி.

கதவைத் தட்டாமல் மாமனார் ஆர்வில் உள்ளே வந்தார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனி வீட்டில் இருப்பவர். காலைச் சாப்பாடு இங்கேதான். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"என்னம்மா, காபி வெளிய இருக்கா? இல்ல அதையும் பூட்டி வச்சிட்டியா?"

வெண்டல் சிரித்தான். மாதக்கணக்கில் அவள் கேட்காத சிரிப்பு. இருவரும் சேர்ந்து தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதுதான் அவளைக் குத்தியது. ஈரத்துணியோடு பின்வாசல் அறைக்குத் திரும்பினாள். பொத்தான்களில் இருந்த மாவை ஆத்திரத்தோடு அழுத்தித் துடைத்தாள்.

எண் பலகை நகர்ந்தது!

ஆணியில் மாட்டிய படம் சாய்வதுபோல அது ஒரு பக்கமாகச் சுழன்றது. பின்னால் ஒரு சின்னச் சாவித் துவாரம். மின்கலம் செத்துப்போனாலும், எண் மறந்துபோனாலும் பீரோவைத் திறக்க, செய்தவர்களே வைத்த வழி அது. ஓரத்தைப் பிடித்துப் பலகையைத் திருப்பிச் சாவியைப் போட்டால் போதும், பொத்தான் தேவையே இல்லை. அப்படியானால் இந்தப் பீரோவோடு ஒரு சாவி வந்திருக்க வேண்டும். பீரோ கல்யாணப் பரிசு. கொடுத்தவர் ஆர்வில்.

அவர் இடுப்பு வாரில் தொங்கும் சாவிக்கொத்து அவளுக்கு நினைவு வந்தது.

"மாமா..." வாசற்படியில் நின்றாள். "நீங்களா திறந்து குடுக்கிறீங்க?"

ஆர்வில் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "ஆமா, நான்தான். தினமும் விடியறப்போ. என் மகன் கேட்டான், குடுத்தேன். அதுக்கென்ன?"

"அவனுக்கு உடம்பு சரியில்ல மாமா! ராத்திரி பகலா தூங்காம..."

"துக்கத்துல இருக்கான். துக்கம் வியாதியா? துப்பாக்கி தானா எந்திரிச்சு யாரையும் சுடாதும்மா. ஒரு ஆம்பளைகிட்ட இருந்து அதைப் பிடுங்கினா அவன்கிட்ட மிச்சம் என்ன இருக்கு? இங்க யாராவது கதவை உடைச்சா, ஷெரிஃப் ஆளு வந்து சேர நாப்பது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் யாரு காப்பாத்துவா?"

"அந்த நாப்பது நிமிஷத்துல, உங்க மகன்கிட்ட இருந்து என்னை யாரு காப்பாத்துவா?"

நாற்காலி பின்னால் விழுந்தது. வெண்டல் எழுந்துவிட்டான். "கத்தாதே... வெளிய கேக்கும்... அவங்களுக்குக் கேக்கும்னு சொல்றேன்ல!" துப்பாக்கி கையில் இருந்தது. வெடித்தது. அவள் காதோரம் சூடான காற்று உரசிப்போனது; பின்னால் சுவர்ப் பலகை பிளந்தது. இரண்டாவது தோட்டா குளிர்பெட்டிக்குள் பாய்ந்தது. கதவு இடுக்கிலிருந்து பால் ஒழுகித் தரையில் பரவியது.

ஆர்வில் மெதுவாகப் போய் மகன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி மேஜைமேல் வைத்தார். ஆனால் வாய் அடங்கவில்லை. "நீ அவனைச் சீண்டினே... பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்!"

ட்வைலா மேலங்கிகூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பினாள்.

நீதிமன்றத்தில் இரண்டு பக்க விண்ணப்பம். ஒருவரால் உயிருக்கு ஆபத்து என்று வீட்டார் சத்தியம் செய்து சொன்னால், கொஞ்ச காலத்துக்கு அவர் ஆயுதங்களை எடுத்துவைக்கச் சொல்லும் சட்டம். கொலராடோவில் அது வந்தபோது, 'எங்கள் மாவட்டத்துக்கு இது வேண்டாம்' என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து முழங்கியவர் ஆர்வில்தான். அன்று முதல் வரிசையில் கைதட்டியவர் ஷெரிஃப்.

அந்த ஷெரிஃப்தான் மத்தியானம் உத்தரவோடு வந்தார், ட்வைலாவும் கூட. தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு தயங்கி நின்றார். பிறகு சமையலறைச் சுவரில், ஒரு பெண்ணின் காது உயரத்தில் இருந்த துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அதன்பின் பதினான்கு துப்பாக்கிகளையும் வண்டியில் ஏற்றினார்.

"போ!" என்றார் ஆர்வில், ட்வைலாவைப் பார்த்து. "சட்டத்தைக் கூட்டிக்கிட்டு வந்தவளுக்கு இந்த வீட்டுல இடமில்ல. சட்டம் சோறு போடும், போய்ச் சாப்பிடு!"

வெண்டல் திரும்பியே பார்க்கவில்லை. அதுதான் அவளை உடைத்தது.

நெடுஞ்சாலை மோட்டலில் ஒரு அறை எடுத்தாள். பள்ளிக்கூடச் சமையல் வேலைக்கு அங்கிருந்தே போனாள். காபிக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. "ட்வைலா வர்றா, எல்லாரும் வெண்ணெய்க் கத்திய ஒளிச்சு வைங்கப்பா!" என்று ஒருவன் சொல்ல, கடையே சிரித்தது. நாற்பது மைல் தள்ளி இருக்கும் நாத்தனார் நோரீன் தொலைபேசியில் அழுது கத்தினாள்.

"என் தம்பியக் காட்டிக் குடுத்துட்டியேடி! ஏற்கெனவே ஒருத்தன மண்ணுல வச்சிட்டோம், இவனையும் அவமானத்துலயே கொல்லப் பாக்குறியா? என்னடி செஞ்சான் அவன் உன்னை?"

ட்வைலாவின் வாய்வரை வந்தது. காதோரம் போன தோட்டா... ஒழுகிய பால்... ஆனால் ஊர் முழுவதும் பேசும். பொண்டாட்டியைச் சுட்டவன் என்ற பெயர் அவன் குணமான பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். நீதிபதிக்குச் சொன்னதே போதும்.

"ஒண்ணும் செய்யல அண்ணி," என்றாள். "எனக்குப் பயமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

"பயமா? வெக்கமா இல்ல உனக்கு?"

போனை வைத்துவிட்டாள் நோரீன்.

மான் வேட்டைக் காலம் திறந்த சனிக்கிழமை காலை, குளிர் தாங்காமல் மேலங்கியை எடுக்க ட்வைலா வீட்டுக்குப் போனாள். பாதை வளைவிலேயே முதல் வெடிச் சத்தம் கேட்டது. யாரோ வேட்டையாடுகிறார்கள் என்று நினைத்தாள். முற்றத்துக்குள் திரும்பியபோது இரண்டாவது.

முன்படியில் வெண்டல், தோளில் ரைஃபிள். எதிரே தானிய லாரியின் சக்கரத்துக்குப் பின்னால் ஆர்வில் கிடந்தார், தொடையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு. விரல் இடுக்கில் ரத்தம் கொப்பளித்தது.

"என்னை யாருன்னே தெரியல அவனுக்கு!" என்று அலறினார் கிழவர். "என் ரைஃபிள்ம்மா... வேட்டை முதல் நாளாச்சேன்னு நான்தான் குடுத்தேன்... ஓடிடு! நீயாவது ஓடிடு!"

அவள் ஓடவில்லை. கார்க் கதவுக்குப் பின்னால் குனிந்து, அந்த ரைஃபிளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ரைஃபிள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் குடும்பத்துத் துப்பாக்கிகளை மாமனாரோடு உட்கார்ந்து துடைத்து எண்ணெய் போடுபவள் அவள்தான். குழாயில் ஒரு தோட்டா, கீழே நாலு. ஆக ஐந்து. ரெண்டு போயிற்று. அது தானாகத் தொடர்ந்து சுடும் ரகமும் இல்லை. கதவுத் தாழ்ப்பாளைப் போல ஒரு இரும்புத் தண்டு உண்டு அதில், போல்ட் என்பார்கள். ஒவ்வொரு முறை சுட்டதும் அதன் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, மறுபடி முன்னால் தள்ளி மடக்கினால்தான் அடுத்தது சுடும். அந்த இரண்டு நொடி, அது துப்பாக்கியே இல்லை.

மூன்றாவது வெடி. லாரியின் கண்ணாடி நொறுங்கிக் கிழவர்மேல் கொட்டியது. அந்த நொடியில் அவள் வீட்டுச் சுவரோரமாக ஓடினாள். அவன் தண்டை மடக்கியபோது சுவரோடு ஒட்டி நின்றாள். நான்காவது வெடித்ததும் படியேறி அவன் இடது பக்கம் வந்துவிட்டாள்.

போல்ட்டை அவன் பின்னால் இழுத்தான். இடது பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. குழாயைத் துடைக்கும்போது அதை அழுத்தித்தான் போல்ட்டைக் கழற்ற வேண்டும். ட்வைலா கையை நீட்டி அதை அழுத்தினாள். அவன் இழுத்த இழுப்பிலேயே போல்ட் முழுசாகக் கழன்று, அவன் பிடியிலிருந்து நழுவி, படியில் உருண்டது. அவள் மேலே விழுந்து அதைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"குடு!" ரைஃபிள் கட்டை அவள் தோள்மேல் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. "குடுடி!" மறுபடி அடித்தான், முதுகில். மறுபடி. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அவள் விரல் திறக்கவில்லை.

"அடி வெண்டல்... எவ்வளவு வேணா அடி... இதைத் தரமாட்டேன்!"

ஓங்கிய கட்டை நின்றது. அவன் அவளைப் பார்த்தான். பிறகு லாரியடியில் கிடந்தவரைப் பார்த்தான். முகம் கோணியது.

"அப்பாவா அது?... ட்வைலா, அது அப்பாவா?"

ரைஃபிள் கீழே விழுந்தது. அவனும் அதன்மேல் சரிந்தான், குழந்தையைப்போலக் கதறிக்கொண்டு. ஒரு கை செயலிழந்து தொங்க, அவள் தவழ்ந்துபோய் மாமனாரின் இடுப்பு வாரை உருவி, காயத்துக்கு மேலே பல்லால் இழுத்து இறுக்கிக் கட்டினாள். அவள் போனில் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வந்துசேர நாற்பத்தாறு நிமிஷம் ஆயிற்று. அத்தனை நேரமும் கிழவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மருத்துவமனையில் நோரீன் முதலில் வெடித்தாள். "எல்லாம் உன்னாலதான்! அவன ஒண்டியா விட்டுட்டுப் போனே பாரு..."

"வாய மூடு நோரீன்." படுக்கையிலிருந்து ஆர்வில். "பீரோ சாவியக் குடுத்தது நான். ரைஃபிளக் குடுத்ததும் நான். அன்னைக்கு இவ காதோரமா தோட்டா போச்சு, என் கண்ணு முன்னால. கோர்ட்டுல சொன்னாளேன்னுதான் கோவப்பட்டேன்... உன்கிட்டகூட அவ சொல்லல பாத்தியா? உன் தம்பி பேரு கெட்டுடும்னு சொல்லல!"

"ஏண்டி சொல்லல... ஏண்டி என்கிட்ட சொல்லல..." என்று தேம்பியபடி நோரீன் ட்வைலாவைக் கட்டிக்கொண்டாள். முறிந்த தோளில் உயிர் போகிற வலி. ட்வைலா விலகவில்லை.

உத்தரவை நீட்டிக்கும் விசாரணை நாளில் ஊரில் பாதி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஆர்வில் ஊன்றுகோலோடு எழுந்தார். "இந்தச் சட்டம் எனக்கு அன்னைக்கும் பிடிக்கல, இன்னைக்கும் பிடிக்கல. ஆனா என் மருமக பொய் சொல்லல. அவ அன்னைக்கே செஞ்சதை நான் கெடுக்காம இருந்திருந்தா, என் மகன் என்னைச் சுட்டிருக்க மாட்டான்." காபிக் கடையில் கேலி செய்தவன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான்.

அப்பாவைச் சுட்ட வழக்கை நிறுத்திவைத்து வெண்டலைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். மார்ச்சில், வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஒரு கேள்வி கேட்டார்: அங்கே துப்பாக்கி இருக்கிறதா?

வெண்டலுடையவை ஷெரிஃபிடம். ஆனால் முற்றத்துக்கு அந்தப் பக்கம், ஆர்வில் வீட்டுச் சுவரில் ஆறு ரைஃபிள்கள். அவை அவருடையவை. எந்த உத்தரவும் அவற்றைத் தொடாது.

"விக்க மாட்டேன்மா," என்றார் ஆர்வில். கண் கலங்கியிருந்தது. "நீ என்ன சொன்னாலும் கேப்பேன். இது மட்டும் முடியாது. எங்க அப்பாவோடது ரெண்டு."

"விக்கச் சொல்லல மாமா. ஷெரிஃப்கிட்ட குடுக்கவும் சொல்லல. சுவத்துலயே இருக்கட்டும்." அவள் தயங்கினாள். "போல்ட்டை மட்டும்..."

கிழவர் எழுந்து, முதல் ரைஃபிளைச் சுவரிலிருந்து எடுத்து, நெம்பை அழுத்தி, போல்ட்டை உருவி அவள் மடியில் வைத்தார். ஆறையும் அவரே உருவினார். எது எதற்கு என்று மாறாமலிருக்க, ஒவ்வொன்றிலும் ஒட்டுநாடா சுற்றி எண் எழுதினார்.

"யாரும் பிடுங்கல, பாத்துக்க. நானே கழட்டினேன்."

"ஆமா மாமா. நீங்களேதான்."

வெண்டலிடம் எதையும் மறைக்கவில்லை. வந்த அன்றே சொன்னார்கள். அவன் சுவரைப் பார்த்தான், அவளுடைய கோணிய தோளைப் பார்த்தான், அந்தத் தோளில் முகத்தை வைத்து அழுதான். "நல்லது... அதுதான் நல்லது," என்றான்.

ஏற்பாடு இதுதான். ரைஃபிள்கள் ஆர்வில் வீட்டுச் சுவரில். ஆறு போல்ட்களும் தோட்டாக்கள் அத்தனையும் நாற்பது மைல் தள்ளி நோரீன் வீட்டில், பூட்டின பெட்டியில். வேட்டைக் காலத்தில் ஆர்வில் ட்வைலாவிடம் சொல்லுவார். அவள் சரி என்றால் நோரீன் ஒரே ஒரு போல்ட்டைக் கொண்டுவருவாள், கூடவே வேட்டைக்குப் போவாள், பொழுது சாயுமுன் கழற்றி எடுத்துக்கொண்டு திரும்புவாள். இருவரில் ஒருத்தி வேண்டாம் என்றாலும், அந்த வருஷம் வேட்டை இல்லை.