பின் சீட்டுக் குரல்

அந்தத் தீவுக்கு ஒரே சாலைதான். கடலை ஒட்டியே ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். வழி தவறவே முடியாது என்று மாமா, அதாவது என் அக்காவின் கணவர், பெருமையாகச் சொன்னார். தவறுவதற்கு வழியா வேண்டும், மனுஷன் போதாதா என்று நினைத்துக்கொண்டேன்.

வேனை வாடகைக்குக் கொடுத்தவர் சாவியைத் தருமுன் ஒன்று சொன்னார். எங்கே நிறுத்தினாலும் கிளம்பும்போது இறங்கிப் போய், கதவைத் திறந்து, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டுமாம். அங்கே வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தானாம்.

“உக்காந்த இடத்துலேருந்து ‘எல்லாரும் ஏறியாச்சா’ன்னு மட்டும் கேக்காதீங்க சார்.”

“கேட்டா?”

“பதில் வரும்.”

மாமா சிரித்தார். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். விசில் ஊதியும் குரல் கொடுத்துமே காலம் தள்ளியவர். யாரையும் தலை திருப்பிப் பார்த்துப் பழக்கமில்லை.

எனக்கு வண்டியில் குமட்டும், அதனால் முன் சீட்டு. நடு சீட்டில் மாமாவின் அம்மா காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். கடைசி சீட்டில் பைகளோடு பையாக அக்கா. இந்தப் பயணமே அவளைச் சமாதானப்படுத்தத்தான். இதிலும் மாமா மாறவில்லை என்றால் அந்த வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். நான்தான் பொறுத்துப் பார் என்று கெஞ்சி அழைத்து வந்திருந்தேன்.

தீவு என்னவோ அழகுதான். ஒவ்வொரு வளைவிலும் கடல் ஒரு நிறம். நிறுத்திய இடத்திலெல்லாம் மாமாவும் அவர் அம்மாவும் படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது அக்கா. அவள் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை.

பாறை மேட்டில் நிறுத்திக் கிளம்பும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் கண்ணை மூடி ஜன்னலில் சாய்ந்திருந்தேன். மாமா கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டே கேட்டார்.

“எல்லாரும் ஏறியாச்சா?”

“ஆச்சுங்க.”

அக்காவின் குரல். அந்தச் சோர்ந்த ‘ங்க’ உட்பட.

வண்டி நகர்ந்தது. மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரத்தில், அழுகிய கடற்பாசி போல ஒரு வாடை உள்ளே வந்தது. கடல்தானே பக்கத்தில் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

மாமாவின் அம்மா கண் திறக்காமல் தண்ணீர் கேட்டார். பின்னாலிருந்து பாட்டில் வந்தது.

“கை என்ன இப்படி ஜில்லுனு இருக்கு?”

“தண்ணியில நின்னேன் அத்தை.”

பிறகு மாமா ஏதேதோ கேட்டார். மாத்திரை எடுத்து வைத்தாயா, சட்டை காய்ந்ததா. எல்லாவற்றுக்கும் உடனே பதில் வந்தது. அக்கா இன்றைக்குக் கோபமில்லாமல் பேசுகிறாளே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

என் போன் அடித்தது. அக்காவின் எண்.

“ஏண்டி, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களா?”

அவள் பேச்சோடு அலையும் காற்றும் இரைந்தன.

எனக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பினேன்.

கடைசி சீட்டில் பைகள் மட்டும். சீட்டு ஊறிப்போய், ஓரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் போட்ட கூச்சலில் மாமா வண்டியைத் திருப்பினார். பாறை மேட்டில் தொப்பலாக நனைந்து அக்கா நின்றாள். கையில் மாமியாரின் மூக்குக்கண்ணாடி. அதை பெஞ்சிலிருந்து எடுத்து வரச் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் அந்த அம்மாள் தூங்கியிருக்கிறார்.

மாமா மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். கல்லில் நார் உரிக்கிற கதைதான்.

“நீதானே ஏறியாச்சுன்னு சொன்னே?” என்றார் மாமா.

அக்கா அவரையே பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் பயப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முன் சீட்டில் வைத்தாள்.

“சொன்னவளையே கூட்டிட்டுப் போங்க.”

எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி ஏறினாள். நானும் ஏறினேன். மாமா ஹாரன் அடித்தார், இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா என்னோடுதான் இருக்கிறாள். ஆனால் அவள் திரும்பி வந்துவிட்டதாக மாமா சொந்தக்காரர்களிடம் சொல்வதாகக் காதில் விழுந்தது. பொய் என்றுதான் நினைத்தேன். போன வாரம் அக்காவின் துணிமணிகளை எடுத்துவர நான் மட்டும் போனேன்.

மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா சோபாவில் சாய்ந்திருந்தார். எடுத்துக்கொண்டு போ என்று கை காட்டினார்கள். உள்ளறையில் பீரோவைத் திறந்தேன். துணிகளில் அந்தப் பாசி வாடை.

“டீ,” என்றார் மாமா, கூடத்திலிருந்து.

“இதோ வரேங்க.”

என் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் அந்தக் குரல் வந்தது. ஈரமான மூச்சு காதோரம் பட்டது.

“திரும்பிடாதம்மா,” என்று கிசுகிசுத்தது. “யாராவது பாத்துட்டா நான் போயாகணும். எங்கயும் நிலைக்க முடியல. இங்கதான் யாரும் பாக்க மாட்டேங்கறாங்க.”

நான் திரும்பவில்லை. பயத்தைவிட, அது சொன்னது நிஜம் என்பதுதான் காரணம். ஈரக் காலடிகள் கூடத்தை நோக்கிப் போயின. டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

“சர்க்கரை கம்மி,” என்றார் மாமா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.