பனிக்கிடங்கின் கதவு

மைக்கின் உலோக வலையில் ஈரம் பூத்திருந்தது. கிளேட்டன் ஹாலம் முதலில் அதைத் தன் மூச்சு என்றுதான் நினைத்தான். ஆனால் அது ஜூன் மாதம். லாஸ் ஏஞ்சலீஸ் வெயில் நாள் முழுக்கக் காய்ச்சிய கூரைக்குக் கீழே, முந்நூறு பார்வையாளர்கள் நிகழ்ச்சித் தாளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அரங்கில், இசைக்குழுவினர்கூடச் சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டிருந்த நேரத்தில், ஒரு மனிதனின் மூச்சு குளிர்காலச் சன்னலில் படிவதுபோல இரும்பில் படிய வழியே இல்லை. கைக்குட்டையால் துடைத்தான். அடுத்த வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி பூத்தது.

வாரம் ஒரு பழைய திகில் படத்தை ஒரு மணி நேர நாடகமாகச் சுருக்கி, அதில் நடித்த நட்சத்திரத்தையே வரவழைத்துப் பேசவைக்கும் வானொலி நிகழ்ச்சி அது. ஒலிப்பதிவு கிடையாது. நேரடி ஒலிபரப்புதான். மாலை ஐந்து மணிக்குக் கிழக்குக் கரைக்காக ஒருமுறை நடிப்பார்கள். அதையே எட்டு மணிக்கு மேற்குக் கரைக்காக இன்னொருமுறை நடிப்பார்கள். அந்த வாரம் எடுத்துக்கொண்ட படம் ‘பனிக்கிடங்கு’. மனைவியை ஏரிக்கரைக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டு வரும் மார்ட்டின் என்ற கணவனின் கதை. ஆறு வருடங்களுக்கு முன் கிளேட்டனைப் பெரிய நடிகனாக்கிய படம்.

மனைவியாக நடித்த கோரா வின்ஸ்லோ படம் முடிவதற்குள் இறந்துபோனாள். அதனால் இன்று அவளுடைய பகுதியை மேவிஸ் ரூர்க் என்ற வானொலி நடிகை பேசினாள். குட்டையான பெண். முப்பது வயதிருக்கும். காலணியைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு எதிர் மைக்கின் முன் நின்றாள். மேடையின் இடது மூலையில் ஒலிக்காரர் ஓபி லுண்ட் தன் தட்டுமுட்டுச் சாமான்களோடு நின்றார். அவருடைய பெருமை ஒரு நிஜக் கதவு. சக்கரம் வைத்த சட்டத்தில் பொருத்தி, இரும்புத் தாழ்ப்பாளும் போட்டு வைத்திருந்தார். அதற்கு முன்னாலும் பின்னாலும் வெறும் மேடைதான்.

ஐந்து மணி நாடகம் பிசகில்லாமல் முடிந்தது. கைதட்டல் அடங்க நேரமானது. கிளேட்டன் மட்டும் வணங்க மறந்து எதிர் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிக் காட்சியில் மேவிஸ், “கதவைத் திற, மார்ட்டின்” என்று சொல்ல வேண்டும். அவன் காதில் விழுந்தது வேறு. “கதவைத் திற, கிளே.”

அவனைக் கிளே என்று கூப்பிட்டவள் ஒருத்திதான்.

இடைவேளையில் நிலையத்துக்கு எதிரே இருந்த உணவகத்தில் கிளேட்டனும் மேவிஸும் ஓபியும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அவன் மாட்டிறைச்சி சாண்ட்விச்சைத் தொடவில்லை. மேவிஸிடம் மெல்லப் பேச்சுக்கொடுத்து, கடைசிக் காட்சியில் என்ன பெயர் சொன்னாள் என்று கேட்டான்.

“தாள்ல என்ன இருக்கோ அதைத்தான் சொன்னேன். மார்ட்டின்.” அவள் ஊறுகாய்த் துண்டைக் கடித்தாள். “சினிமாக்காரங்களுக்கு எங்க மேல எப்பவும் ஒரு சந்தேகம். நாங்க படிக்கத் தெரிஞ்சவங்க, மிஸ்டர் ஹாலம்.”

அவன் சிரித்துச் சமாளித்துவிட்டு ஓபியின் பக்கம் திரும்பினான். மேடையில் மரத்தூள் வாசனை அளவுக்கு மீறி வருகிறது, நனைந்த மரத்தூளை எதற்காகக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டான். ஓபி கரண்டியைக் கீழே வைத்தார். தன்னிடம் மரத்தூளே இல்லை என்றார். பனியில் நடக்கும் சத்தத்துக்குச் சோளமாவுப் பையை அமுக்குவதாகவும், பனிக்கட்டிச் சத்தத்துக்கு இரண்டு பளிங்குத் துண்டுகளை உரசுவதாகவும் விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பன்னெண்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். சத்தத்தை உண்டாக்கலாம். வாசனையை உண்டாக்க எனக்குத் தெரியாது. குடிக்கிற சரக்கை மாத்திப் பாருங்க.”

மேவிஸ் சிரித்தாள். கிளேட்டன் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கை கழுவினான். நகக் கண்களில் பழுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மோந்து பார்த்தான். ஊறிப்போன பைன் மரத்தின் வாசனை.

கோராவுக்கு நடந்ததை அவன் தனக்குள்ளேகூடக் கொலை என்று சொல்லிக்கொண்டதில்லை. படப்பிடிப்பு வடக்கே ஒரு மலை ஏரிக்கரையில் நடந்தது. அங்கே நிஜமாகவே ஒரு பனிக்கிடங்கு இருந்தது. குளிர்காலத்தில் ஏரியிலிருந்து அறுத்தெடுத்த பனிப்பாளங்களை மரத்தூளில் புதைத்து, வருடம் முழுக்கக் கரையாமல் வைத்திருக்கும் சன்னலில்லாத மரக் கட்டடம். அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு அவனும் கோராவும் ஊருக்குள் போய் ஆடிவிட்டுத் திரும்பினார்கள். குடித்திருந்தான். வளைவில், மரம் வெட்டும் முகாமுக்கு நடந்துபோன ஒரு ஆளின் மேல் காரை ஏற்றினான். நிறுத்தினான். இறங்கிப் பார்த்தான். மறுபடி ஏறி ஓட்டினான். வழியெல்லாம் கோரா அழவில்லை, கத்தவும் இல்லை. விடிந்ததும் ஷெரீஃபிடம் போய்ச் சொல்லப்போவதாக மட்டும் சொன்னாள். மெல்லிய பட்டு உடையில் இருந்தாள். யாரும் கேட்காத இடத்தில் பேசலாம் என்று கிடங்குக்குள் அழைத்துப்போனான். பேசினான், கெஞ்சினான். கடைசியில் வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டான். கொஞ்ச நேரம் இருந்தால் புத்தி வரும் என்றுதான். அறைக்குப் போய்ப் படுத்தவன் விடிந்தபிறகுதான் கண் விழித்தான். ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினான். கதவைத் திறக்கவில்லை. திறந்து பார்க்கும் வேலையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டான். வழிதவறி உள்ளே போனவளைக் காற்றில் சாத்தி இறுகிக்கொண்ட கதவு அடைத்துவிட்டது என்று பட நிறுவனம் அறிவித்தது. முகாம் ஆள் மேல் ஏறிய காரை யாரும் தேடவில்லை. கோராவின் சாவுச் செய்தியே படத்துக்குக் கூட்டம் சேர்த்தது.

ஏழே முக்காலுக்கு, ஒலிபரப்பைக் கட்டுப்படுத்தும் கண்ணாடி அறைக்குப் போய் நிகழ்ச்சி இயக்குநர் பிரெண்டிஸிடம், தொண்டை கட்டிவிட்டது, வேறு யாரையாவது பேசவையுங்கள் என்றான்.

“மேற்கே பதினோரு மாநிலம் உன் குரலுக்காகக் காத்துட்டிருக்கு,” என்றார் பிரெண்டிஸ், தலை நிமிராமல். “தொண்டை கட்டின கொலைகாரன்னா இன்னும் நல்லது. போய் நில்லு.”

போய் நின்றான். சிவப்பு விளக்கு எரிந்தது. இசை எழுந்து தணிந்தது. அறிவிப்பாளர் அவன் பெயரைச் சொன்னார்.

இம்முறை மைக்கில் பூத்தது ஈரம் இல்லை. மெல்லிய பனிப்படலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டது. முதல் வரிசையில் ஒரு கிழவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது நனைந்த துணியைப் போல இழுபட்டன. அவன் வசனத்தைப் பாதி பார்த்தும் பாதி நினைவிலிருந்தும் பேசினான். மேவிஸ் பதில் பேசினாள். அவள் குரலுக்குப் பின்னால், அவள் மூச்சு விடும் இடைவெளிகளில், இன்னொரு மூச்சு. பற்கள் தாளமிட நடுங்கும் மூச்சு. அது எதிர் மைக்கிலிருந்து வரவில்லை. இடது மூலையிலிருந்து வந்தது.

கடைசிக் காட்சி வந்தது. ஓபி தாழ்ப்பாளை இரைச்சலோடு போட்டுவிட்டு, ஓசைபடாமல் நகர்ந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நல்லாக் கத்து,” என்றான் கிளேட்டன், மார்ட்டினின் குரலில். “ஏரிக்குக் காது கிடையாது.”

மேவிஸ் அழுதபடி வசனத்தைச் சொல்லி முடித்து வாயை மூடினாள். அவள் வாய் மூடியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவன் அடுத்த குரலைக் கேட்டான்.

“அவனுக்கு உயிர் இருந்துச்சு, கிளே. கையை அசைச்சான். நீ குனிஞ்சு பாத்த.”

யாரும் திரும்பவில்லை. இசைக்குழுத் தலைவர் கோலை உயர்த்தியபடி அவனுடைய வசனத்துக்காகக் காத்திருந்தார். மேவிஸ் புருவத்தைத் தூக்கினாள். பேசு என்று அர்த்தம். பேசினான். குரல் உடைந்தது. கூட்டத்தில் ஒரு பெண் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிரமாதமாக நடிக்கிறான் என்று நினைத்திருப்பாள்.

“தாழ்ப்பாளை எடு,” என்றது இடது மூலையிலிருந்து வந்த குரல்.

கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. மேடைப் பலகையில் பரவி, அவன் காலணியை நோக்கி வந்தது. பழுப்புத் தண்ணீர். தூள் மிதந்தது.

ஓபி அதன் நடுவில்தான் நின்றார். பார்க்கவில்லை.

அது வெறும் கதவு. அவனுக்கே தெரியும். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. சட்டத்தின் இருபுறமும் வயலின்காரர்களின் கறுப்புக் காலணிகள் தெரிந்தன. திறந்தால் அவைதான் தெரியும். திறந்து பார்த்துவிட்டால் இது நின்றுவிடும்.

மைக்கை விட்டு நகர்ந்தான். கண்ணாடி அறையில் பிரெண்டிஸ் இரண்டு கைகளையும் ஆட்டினார். மூன்றே எட்டில் கதவை அடைந்தான். தாழ்ப்பாள் உள்ளங்கையைச் சுட்டது. குளிரால் சுட்டது. தூக்கினான். இழுத்தான்.

இருபுறமும் காலணிகள் தெரிந்தன. சட்டத்துக்குள் மட்டும் இருட்டு. இருட்டிலிருந்து குளிர், ஒரு பெரிய மிருகம் வாயைத் திறந்ததுபோல.

பின்வாங்கப் பார்த்தான். அவன் டையை உள்ளிருந்து ஒரு கை பிடித்தது. கோபமாக இல்லை. நிதானமாக. இழுத்தது.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

மோதினான். தோளால், முழங்காலால், நெற்றியால். பலகை அசையவில்லை. மேடையில் ஓபி தள்ளிக்கொண்டு திரிந்த கதவு இல்லை இது. இதன் கனமே வேறு. கத்தினான். குரல் நாற்புறமும் மரத்தூளில் புதைந்தது. முதுகுக்குப் பின்னால் பனிப்பாளங்கள் மெல்ல நெரிந்தன.

வெளியே பேச்சுக் கேட்டது. மிகத் தெளிவாக. மைக்கின் முன் ஒருவன் தொண்டையைச் செருமினான்.

“இது நாடகம் இல்ல,” என்றது அந்தக் குரல். “என் பேரு கிளேட்டன் ஹாலம். நான் சொல்லப்போறதை யாரும் குறுக்க பேசாம கேளுங்க.”

அவனுடைய குரல். மார்ட்டினுடையது இல்லை, திரையில் பேசுவதும் இல்லை. ஆறு வருடமாக அவன் யாரிடமும் பேசாத குரல். அது மலைச்சாலையின் பெயரைச் சொன்னது. வளைவைச் சொன்னது. கையை அசைத்த ஆளைச் சொன்னது. கூட்டத்தில் எவனோ சிரித்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. இசை எழவில்லை. பிரெண்டிஸும் நிறுத்தவில்லை. கோராவின் பெயர் வந்தது. தாழ்ப்பாள் வந்தது.

“நான் இல்ல,” என்று கத்தினான் கிளேட்டன். “அது நான் இல்ல. நான் இங்க இருக்கேன்.”

குரல் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனது. எங்கோ ஒரு பெண் அழத் தொடங்கினாள்.

கதவின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம். அதைப் பார்த்தான். குப்புற விழுந்தான். கன்னத்தைத் தரையோடு வைத்து, அந்த இடுக்கில் வாயை வைத்துக் கூப்பிட்டான். ஓபி. மேவிஸ். யாராவது.

காலணிகள் தெரிந்தன. எதுவும் திரும்பவில்லை.

இடுக்கின் மறுகோடியில் வெளிச்சம் குறைந்தது. ஏதோ அசைந்தது. உள்ளே, அவனுக்குப் பக்கத்திலேயே. ஒரு பெண்ணின் கை. விரல் நுனிகளில் நகம் இல்லை. ஈர மரத்தூளை ஒரு பிடி எடுத்து இடுக்கில் வைத்தாள். கட்டை விரலால் அழுத்தினாள். அந்த அளவுக்கு வெளிச்சம் போனது. வெளியே கேட்ட குரலும் அந்த அளவுக்கு மங்கியது.

அவன் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்சமும் அவசரமில்லாமல், ஒரு பிடி, இன்னொரு பிடி என்று, அவன் வாய் இருந்த இடத்தை நோக்கி அடைத்துக்கொண்டு வந்தாள்.